வார்டிலிருந்து வந்த பழங்கள்

குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் நர்சுகளுக்கு எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். வசதியானவர்கள் என்றால் ஸ்வீட் பாக்ஸ். மற்றவர்கள், நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் கொண்டுவந்து குவித்த வாழைப்பழத்தில் மிஞ்சியதைக் கொடுப்பார்கள். என் மனைவி செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பண்டத்துக்குப் பஞ்சம் வந்தாலும் வாழைப்பழத்துக்கு வந்ததில்லை.

நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை அந்தப் பழங்கள் என்ன ஆயின என்று கவனித்ததே இல்லை. வேலை போன பிறகு கவனிக்க நேரம் கிடைத்தது. மறைமலைநகர் பக்கம், கார்களுக்கு ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். முதலில் ஒரு லைனை நிறுத்தினார்கள். பிறகு ஷிப்டைக் குறைத்தார்கள். ஒருநாள் கேட்டில் பூட்டு தொங்கியது. நாற்பத்தைந்து வயதில், இரண்டு மூன்று கம்பெனி இன்டர்வியூக்களில் என் பிள்ளை வயதுப் பையன்கள் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பிய பிறகு, நான் வீட்டில் இருக்க ஆரம்பித்தேன்.

பகலில் வீட்டில் இருக்கும் ஆண் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், "சார், இன்னிக்கு லீவா?" என்று கேட்டார். லீவு என்றேன். அடுத்த சிலிண்டருக்கும் அதையே கேட்டார். அதற்கடுத்த தடவை அவர் கேட்கவில்லை. கேட்டபோது இருந்ததைவிட அது மோசமாக இருந்தது.

மாலையில் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வருவாள். ஒன்பதாவது படிக்கிறாள். ஒருநாள் தட்டில் கறுத்துப்போய்க் கிடந்த பூவன் பழச் சீப்பைக் காட்டி, "இதை வெச்சு ஏதாச்சும் செஞ்சு கொடேன்ப்பா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் போனில் ஒரு அம்மாள் செய்து காட்டியதைப் பார்த்துவிட்டுப் பழ போண்டா செய்தேன். முதல் ஈடு கல்லாக இருந்தது. இரண்டாவது வெளியே கறுத்து உள்ளே மாவாக இருந்தது. அவள் பேசாமல் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இருபது வருஷம் அடுத்தவன் செய்த சாமானில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். மறுநாள் திரும்பச் செய்தேன். பழம் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும், தோல் மட்டும்தான், உள்ளே புளித்த வாடை வரக்கூடாது. கையாலேயே மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். வெல்லத்தைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்து ஊற்ற வேண்டும். கோதுமை மாவு, மொறுமொறுப்புக்கு ஒரு கை அரிசி மாவு, ஏலக்காய், தேங்காய்ப் பல், சிட்டிகை உப்பு. பழமே தண்ணீர் விடும் என்பதால் வேறு தண்ணீர் சேர்க்கக் கூடாது. இது தெரியாமல்தான் முதலில் கெடுத்தேன். மாவு இளகினால் எண்ணெய் குடிக்கும். தீயைக் குறைத்து வைத்து, நான்கு விரலால் மாவை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிவிட்டால், எண்ணெய்க்குள் போய் முங்கி, தானாக மேலே வந்து, தானாகவே புரளும். அது புரளுகிறபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செய்யும்போது சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரர் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டு நேரே பார்க்கிற இடம் அது.

மனைவி ஒருநாள் ஒரு டப்பாவில் போட்டு வார்டுக்கு எடுத்துப் போனாள். வார்டின் பழம் வார்டுக்கே போயிற்று. சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. யார் செய்தது என்று கேட்டார்களாம். "வீட்ல செஞ்சது" என்று சொன்னாளாம். அவள் செய்தது என்று அவர்களாக எடுத்துக்கொண்டார்கள். "நான்னு சொல்லலாமா, நீங்கன்னு சொல்லலாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் அப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துவிட்டு யூனிஃபார்மைத் துவைக்கப் போனாள்.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவே, கடலோரத்துக் காலனி ஒன்றில் இருக்கிறார். அம்மா இல்லை. இளம் வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலி. நிலமெல்லாம் பிளாட்டாகப் போன பிறகு மாமல்லபுரத்தில் சிற்பக் கூடத்தில் கல் தேய்க்கிற வேலை. நெஞ்சில் தூசி இறங்கி இருமல் வந்த பிறகு, ஈ.சி.ஆர். ஓரம் யாரோ சென்னைக்காரருடைய பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் டிப்ளமா படித்ததில்லை. நான் படித்தேன். அன்றிலிருந்து அப்பாவுக்கு நான் ஆபீசர். சர்ச்சில், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரிடம்கூட, "எம்மவன் கம்பெனில ஆபீசர்" என்பார். நான் ஆபீசர் இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். வேலை போனதை அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் வேறு வேலை கிடைத்துவிடும், அப்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன்.

மனைவியின் வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெறுகிற சமயம் வந்தது. போவதற்கு முன்னால் அந்தப் போண்டாவைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நர்சுகளோடு வீட்டுக்கே வருவதாகச் சொல்லிவிட்டார். என் மனைவியால் மறுக்க முடியவில்லை. முந்தின நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்தவள், ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். நர்சுகள் வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, பின்னாலேயே என் அப்பா வந்து நின்றார். கையில் பையில் சங்கரா மீன். சொல்லாமல் வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. விடியற்காலையில் கரையில் நல்ல மீன் மலிவாகக் கிடைத்ததும் பேத்திக்குக் கொடுக்கலாம் என்று பஸ் ஏறிவிட்டாராம். எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். என் மருமகள் நர்சு, என் மகன் ஆபீசர், அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு சாமான் கம்பெனியை விட்டு வெளியே போகாது என்று. நான் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். என் மகள் என்னைப் பார்ப்பதை உணர முடிந்தது.

சமையலறையில் மனைவி தடுமாறிக்கொண்டிருந்தாள். மாவில் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்பது எண்ணெயின் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சடசடவென்று தெறித்தது. உருண்டைகள் பிரிந்து நூல் நூலாகப் போயின. நர்சுகள் மரியாதைக்காக, பரவாயில்லை, இது வேற மாதிரி நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி கதவருகே வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போனேன். அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோதுமை மாவு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரிடமும் கேட்காமல் எடுத்து, மாவை இறுக்கி, தீயைக் குறைத்து, நான்கு விரலால் எடுத்துத் தள்ளிவிட ஆரம்பித்தேன். போண்டாக்கள் புரண்டன. ஒரு சின்ன நர்ஸ் போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் நல்ல மனுஷி. என்னைப் பாராட்டத்தான் நினைத்தார். "இத்தனை நாளா சாப்பிட்டது உங்க கைதானா சார்? கம்பெனி மூடினதுலேர்ந்து வீட்டை நீங்கதான் பாத்துக்கறீங்கன்னு உங்க மிஸஸ் சொன்னாங்க. இவ்வளவு நல்லா செய்வீங்கன்னு சொல்லவே இல்லையே."

அப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நான் திரும்பவில்லை. எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது மடல் இரண்டும் பற்றி எரிவதுபோல் இருந்தது. அந்த ஈடு கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது. என் மகள் தட்டில் நான்கு போண்டாவை வைத்துத் தாத்தாவிடம் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்து முழுவதும் தின்றார். மிச்சத்தை அவளிடமே கொடுத்தார். நர்சுகளிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று என் மனைவி கெஞ்சியும் நிற்காமல் கிளம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ் நின்றிருந்தது. ஏறுவதற்கு முன்னால்தான் கேட்டார்.

"எத்தினி மாசமா வூட்ல கீற?"

சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுப்பா."

அவர் கொஞ்ச நேரம் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனுக்கு வெக்கம். சரி. அத்தினி பொம்பளைங்க முன்னாடி ஆபீசரு ஆபீசருன்னு பேசிகினு இருந்தேனே, அவங்க எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்குது. எனுக்கு மட்டும் தெரியல. அது இன்னா, சொல்லு?"

அவர் ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

வீடியோ இரண்டு நாளில் ஊரெல்லாம் சுற்றியது. நர்சுகளின் குரூப்பிலிருந்து உறவுக்காரர்களின் குரூப்புக்கு வந்தது. என் பழைய கம்பெனி ஆட்கள் சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினார்கள். ஒருவன் மட்டும், எனக்கும் இதே நிலைமைதான், என்ன செய்கிறதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தான். அவனுக்குக்கூட நான் பதில் போடவில்லை. என் மனைவி, எல்லாரும் பாராட்டுகிறார்கள், உங்களுக்கு என்ன என்றாள். யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. அப்பா போனை எடுக்கவில்லை. அதுதான் உறுத்தியது. அடுத்த வாரமும் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பங்களாவில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்தப் பங்களாவுக்கு நான் போனதே இல்லை. பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீடு, மரத்தடியில் கட்டில், அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டு படுத்திருப்பார் என்று நானாக ஒரு படம் வைத்திருந்தேன்.

கேட்டில் அவர் காக்கிச் சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். சட்டை அவருக்கு ரொம்பப் பெரியது. தோளில் விசில் கயிறு. வீடு பூட்டிக் கிடக்கவில்லை. ஆள் வந்தால் சனி ஞாயிறு வாடகைக்கு விடுகிறார்களாம். உள்ளே நீச்சல் குளத்தில் சென்னையிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் பாட்டுப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கையில் ஈரத் துண்டுகள் ஒரு குவியல். அதை அவர் கொடியில் உலர்த்தப் போகும்போதுதான் என்னைப் பார்த்தார். துண்டுகளைக் கீழே வைக்கவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றார்.

போன் எடுக்கவில்லையே என்றேன். அவர் கையிலிருந்து பாதித் துண்டுகளை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் கொடியில் போட்டோம். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அவருக்கு. அங்கே என்ன வேலை என்று ஒருநாளாவது நான் கேட்டதுண்டா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. அவர் என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவர். நான் அவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பட்ட வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

போட்ட துண்டுகளைத் திரும்ப எடுக்கும்படி மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து சாய்ந்து அடித்தது. குளித்தவர்கள் உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வராந்தாவுக்கு வந்து, "தாத்தா, சூடா பஜ்ஜி மாதிரி ஏதாவது கிடைக்குமா? ஆப்ல எதுவும் வர மாட்டேங்குது" என்று கேட்டாள். ரோட்டுக் கடைக்கு நல்ல தூரம். அப்பா மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். குடையின் ஒரு கம்பி உடைந்திருந்தது.

நீ இரு, நான் பார்க்கிறேன் என்றேன். சமையலறை எங்கே என்று கேட்டேன். அவர் காட்டினார். போன வாரம் வந்தவர்கள் விட்டுப்போன வாழைப்பழம் ஃப்ரிட்ஜில் கறுத்துக் கிடந்தது. சப்பாத்தி மாவு பாக்கெட் இருந்தது. வெல்லம் இல்லை, சர்க்கரைதான். ஏலக்காயும் இல்லை. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, பழத்தோல்களை எடுத்துக் குப்பையில் போட்டார். தட்டுகளைக் கழுவித் துடைத்தார். நான் போட்டு எடுக்க எடுக்க அவர் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசித் தட்டை வாங்க அந்தப் பெண்ணே சமையலறைக்கு வந்தாள். சூப்பரா இருக்கு என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இங்க குக்கா அண்ணா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"இல்லமா. எம்மவன். கம்பெனில இருந்தான். கம்பெனிய மூடிட்டாங்க. இப்ப வூட்ல கீறான்."

குரலைத் தாழ்த்தவில்லை. ஆபீசர் என்ற சொல் அதில் இல்லை. அந்தப் பெண் "ஓ" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு போனாள். அதைக் கேட்டு எனக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மறுபடியும் காது சுட்டது. ஆனால் ஓடிப்போக வேண்டும் என்று தோன்றவில்லை.

சட்டியில் மிஞ்சிய நான்கைந்தை வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"அன்னிக்கி உன் வூட்ல போட்டது இத்த விட நல்லா இருந்துச்சு" என்றார்.

"இதுல வெல்லம் இல்லப்பா."

"அதான பாத்தேன்."

மழை விட்டதும் பஸ் ஏற்றிவிட வந்தார். அந்தக் காக்கிச் சட்டையோடேயே ரோடு வரை வந்தார்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. சிங்கபெருமாள் கோயில் பக்கம் ஒரு சின்ன யூனிட். சம்பளம் குறைவு. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர் ஒருவர் எனக்கு மேலே இருக்கிறார், மரியாதையாகத்தான் நடத்துகிறார். முதல் நாளே அப்பாவுக்குப் போன் செய்து, என்ன வேலை, எவ்வளவு பெரிய இடம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சரி என்றார். இப்போது சர்ச்சில் என்னைப் பற்றிக் கேட்டால் "வேலைக்குப் போயிகினு கீறான்" என்று மட்டும் சொல்கிறாராம். எனக்கு அது நிம்மதியாகவும் இருக்கிறது, கஷ்டமாகவும் இருக்கிறது. ஒரு மனிதரிடமிருந்து அவர் பேசி மகிழ்ந்த ஒரே விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, அந்தக் கேட் வேலையை விட்டுவிட்டு எங்களோடு செங்கல்பட்டுக்கு வந்துவிடும்படி கேட்டேன். தனி அறை இருக்கிறது, பேத்தி இருக்கிறாள், இந்த வயதில் ஈரத் துண்டு சுமக்க வேண்டியதில்லை, வந்து நிம்மதியாக இரு என்றேன். அவர் விசில் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பகலெல்லாம் வூட்ல சும்மா குந்திகினு இருக்கறது எப்டி இருக்கும்? நீ இருந்து பாத்தவன்தான, சொல்லு" என்றார்.

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே யாரோ "தாத்தா" என்று கூப்பிட்டார்கள். அவர் போனார்.